உஷார்! அரியலூரில் கடல் இல்லை, துறைமுகக் கணக்கு இருக்கிறது

‘டன் ஒன்றுக்கு இத்தனை சதவீதம் கார்பன் குறைத்துவிட்டோம்’ என்று யாராவது மேடையேறிச் சொன்னால், அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள் கைதட்டுவதற்கு முன் உஷாராக வேண்டும். சொல்பவர் துறைமுக அதிகாரியாக இருக்கலாம், சிமெண்ட் ஆலை நிர்வாகியாக இருக்கலாம், அமைச்சராகவும் இருக்கலாம். அவர் பொய் சொல்ல மாட்டார். அந்தச் சதவீதம் தணிக்கையாளர் கையெழுத்திட்ட, அப்பழுக்கில்லாத எண்ணாகவே இருக்கும். ஆனால் அந்த எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வானத்துக்குப் போகும் புகை ஏறிக்கொண்டிருக்க முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கடற்கரையே இல்லாத இரண்டு மாவட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நிலக்கரிதான் உறவு. கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், தளவாய், ஆலத்தியூர் என்று இந்தப் பகுதி முழுக்க நிற்கிற சிமெண்ட் சூளைகளுக்குச் சுண்ணாம்புக்கல் காலடியில் கிடைக்கிறது. எரிபொருள் கிடைப்பதில்லை. ஜெயங்கொண்டத்துப் பழுப்பு நிலக்கரி இன்னும் பூமிக்குள்தான் இருக்கிறது. எனவே இந்தோனேசியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் நிலக்கரியும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் மிஞ்சுகிற பெட்கோக்கும் கப்பல் ஏறி வருகின்றன. அவை கரையிறங்கும் துறைமுகங்களில் நமக்குப் பக்கமானது காரைக்கால். 2009-ல் செயல்படத் தொடங்கிய தனியார் துறைமுகம் அது. 2023-ல் திவால் நடவடிக்கை வழியாக அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்து திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி சுற்றிக் கூட்ஸ் வண்டியிலும், கும்பகோணம் வழியாகத் தார்ப்பாய் மூடிய லாரியிலும் கரி நம் ஊருக்கு வருகிறது. வழியில் எவ்வளவு கொட்டுகிறது என்று தெரிந்துகொள்ள நாகூர், வாஞ்சூர் மக்களைக் கேட்டால் போதும். துறைமுகத்துக் கரித்தூசி வீட்டுத் திண்ணையில் படிவதை எதிர்த்து அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள்.

தூசி கண்ணுக்குத் தெரியும், கையால் துடைத்துக் காட்டலாம். கரியமில வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. அதனால்தான் அதை யார், எங்கே நின்று, எப்படி அளக்கிறார்கள் என்பதில் இவ்வளவு இடம் இருக்கிறது, விளையாடுவதற்கு.

துறைமுகத்தில் பசுமை இல்ல வாயுவை எப்படி அளக்கிறார்கள்? யாரும் கப்பலின் புகைபோக்கியில் குழாய் செருகி அளப்பதில்லை. எல்லாம் காகிதக் கணக்கு. கப்பல் எத்தனை மணி நேரம் நங்கூரமிட்டு நின்றது, எத்தனை மணி நேரம் தளத்தில் கட்டிக் கிடந்தது, அப்போது அதன் துணை எஞ்சின் எத்தனை கிலோவாட், எவ்வளவு சுமையில் ஓடியது என்பதைப் பெருக்கி, எரிந்த எண்ணெயைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு டன் கனரக எண்ணெய் எரிந்தால் 3.1 டன் கரியமில வாயு, கப்பல் டீசல் என்றால் 3.2 டன். கிரேன், டிராக்டர், இழுவைப் படகு ஆகியவற்றுக்கு டீசல் ரசீது. லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. விளக்கு, கன்வேயர் பெல்ட்டுக்கு மின்கட்டண ரசீது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. சர்வதேசத் துறைமுகச் சங்கமும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து 2018-ல் இதற்கென்று ஒரு வழிகாட்டித் தொகுப்பையே வெளியிட்டன. முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒழுங்காகச் செய்தால் நல்ல கணக்குதான்.

சிக்கல் கோடு போடும் இடத்தில் இருக்கிறது. எதுவரை என் கணக்கு, எங்கிருந்து உன் கணக்கு?

கணக்கர்கள் இதை மூன்று வட்டமாகப் பிரிக்கிறார்கள். துறைமுகம் தன் கையால் எரிப்பது முதல் வட்டம். தான் வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது இரண்டாம் வட்டம். தன் வாசலுக்கு வந்துபோகிற கப்பல், லாரி, ரயில், குத்தகைக்காரர் எல்லாம் மூன்றாம் வட்டம். முதல் இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள், ஏனென்றால் அவை சிறியவை. மூன்றாவதுதான் யானை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் 2005-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, வந்துபோகும் கப்பல், லாரி, ரயில் உட்பட ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. நம் நாட்டில் அந்த அளவுக்கு விரித்துப் போடுகிற பழக்கம் இன்னும் வரவில்லை.

மத்தியக் கப்பல் துறை 2023 மே மாதம் ‘ஹரித் சாகர்’ என்ற பசுமைத் துறைமுக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கையாளும் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்குமான கார்பனை 2030-க்குள் 30 சதவீதமும், 2047-க்குள் 70 சதவீதமும் குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. நல்ல விஷயம்தானே என்றால், நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டு இடத்தில் விரலை வையுங்கள். ஒன்று, இந்த நெறிகள் சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி வ.உ.சி. போன்ற மத்திய அரசின் பெரும் துறைமுகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காரைக்கால் அந்தப் பட்டியலில் வராத துறைமுகம். இரண்டு, ‘ஒவ்வொரு டன்னுக்கும்’ என்ற சொல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு துறைமுகம் ஆண்டுக்கு 1 கோடி டன் சரக்கைக் கையாள்கிறது, டன்னுக்கு 4 கிலோ கரியமில வாயு. மொத்தம் 40,000 டன். சில ஆண்டுகள் கழித்து 2 கோடி டன் சரக்கு, டன்னுக்கு 2.8 கிலோ. முப்பது சதவீதம் குறைத்தாயிற்று, விருது வாங்கியாயிற்று, ஃபிளெக்ஸ் பேனரும் கட்டியாயிற்று. மொத்தம்? 56,000 டன். நாற்பது சதவீதம் கூடியிருக்கிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டன்னைப் பெருக்க எளிய வழி எது தெரியுமா? கனமான சரக்கை, கன்வேயர் பெல்ட்டில் மளமளவென்று இறக்குவது. அதாவது நிலக்கரி. கன்டெய்னரில் வரும் பஞ்சுப் பொதியை விட நிலக்கரிதான் வகுக்கும் எண்ணைச் சீக்கிரம் பெரிதாக்கும். ஆகவே நிலக்கரி கூடுதலாக இறங்க இறங்கத் துறைமுகம் காகிதத்தில் பசுமையாகிக்கொண்டே போகலாம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அளவுகோலே அப்படி அமைந்துவிட்டது.

கரைமின்சாரம் என்று ஒன்றையும் இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். தளத்தில் நிற்கும் கப்பல் தன் எஞ்சினை அணைத்துவிட்டுத் துறைமுகத்து மின்சாரத்தை எடுத்துக்கொள்வது. கரையோரக் குடியிருப்பின் மூச்சுக்கு இது வரம், சந்தேகமே இல்லை. கந்தகப் புகையும் கரித்துகளும் குறையும். ஆனால் கப்பலின் துணை எஞ்சின் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க வெளிவிடுவதும் சுமார் 0.7 கிலோ கரியமில வாயுதான். நம் மின்கட்டமைப்பின் சராசரியும் அதேதான். காற்றாலை, சூரிய ஒளி மின்சாரத்தைத் தனியே வாங்கிக் கொடுத்தால்தான் கார்பன் குறையும். இல்லையென்றால் புகை துறைமுகத்திலிருந்து அனல்மின் நிலையம் இருக்கிற ஊருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கேதான் விஷயம் கனக்கிறது.

காரைக்காலில் ஒரு கப்பல் 75,000 டன் நிலக்கரியோடு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரத் தரமுள்ள இறக்குமதிக் கரி. துறைமுக வளாகத்துக்குள் அதை இறக்கிக் குவித்து ஏற்றி அனுப்பும் வேலை முழுவதற்கும், மேலே சொன்ன டன்னுக்கு 4 கிலோ கணக்கில், 300 டன் கரியமில வாயு. கப்பல் நான்கு நாள் தளத்தில் நின்று, நாளைக்கு 4 டன் எண்ணெய் எரித்தால் இன்னொரு 50 டன். கூடுதலாகவே வைத்துக்கொண்டாலும் 350 டன்னில் துறைமுகத்தின் பொறுப்பு முடிந்தது. அந்த 350-ஐக் குறைக்கத்தான் பசுமைத் திட்டங்கள் எல்லாம்.

இனி வாசலுக்கு வெளியே. அந்தக் கரி முழுவதும் லாரியில் வந்தால், லாரிக்கு 30 டன் வீதம் 2,500 நடை. போய்வர 70 லிட்டர் டீசல் என்றால் மொத்தம் சுமார் 470 டன் கரியமில வாயு. ரயிலில் வந்தால் ஏறக்குறைய இருபது கூட்ஸ் வண்டி, கார்பனும் வெகுவாகக் குறையும். ஆக, லாரியா ரயிலா என்ற ஒரே ஒரு முடிவில் துறைமுகத்துக்குள் நடக்கும் அத்தனை சீர்திருத்தத்தையும் விடப் பெரிய வித்தியாசம் வருகிறது. அந்த முடிவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? துறைமுகத்துக்கு அது மூன்றாம் வட்டம். ஆலைக்கும் மூன்றாம் வட்டம். லாரி உரிமையாளர் சங்கத்துக்கு வட்டமே கிடையாது. கும்பகோணம் சாலையில் அந்த லாரிக்குப் பின்னால் பைக்கில் போகிறவருக்குத்தான் அது முதல் வட்டம்.

கரி சூளைக்குள் போகிறது. எரியும்போது கரியிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால், எரிந்த கரியின் எடையை விட வெளிவரும் வாயுவின் எடை அதிகம். இந்தத் தரத்துக் கரியில் டன்னுக்குச் சுமார் 2 டன். எனவே 75,000 டன் கரிக்கு 1,50,000 டன் கரியமில வாயு.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் பாதிக் கணக்கைக்கூட நாம் தாண்டவில்லை. ஒரு டன் கிளிங்கர் சுட இந்தக் கரி ஏறக்குறைய 150 கிலோ வேண்டும். 75,000 டன்னில் 5 லட்சம் டன் கிளிங்கர் சுடலாம். கிளிங்கர் என்பது சுட்ட சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், கல்லுக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியே வரும். சுத்தமான கல்லில் 100 கிலோவுக்கு 44 கிலோ. பள்ளிக்கூட வேதியியல்தான் இது. சூளையை விறகில் எரித்தாலும், சூரிய ஒளியில் எரித்தாலும், ஹைட்ரஜனில் எரித்தாலும் இது குறையாது. டன் கிளிங்கருக்குச் சுமார் 520 கிலோ. 5 லட்சம் டன்னுக்கு 2,60,000 டன்.

கூட்டிப் பாருங்கள். ஒரு கப்பல் கரி நம் மண்ணில் கிளப்பிவிடும் கரியமில வாயு நான்கு லட்சம் டன்னுக்கு மேல். துறைமுகத்தின் 350 டன்னுக்கு எதிரே ஆயிரம் மடங்குக்கும் அதிகம்.

இந்த 2,60,000 டன் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தலை சுற்றும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் உலாவிய கிரெட்டேசியஸ் காலத்தில், அரியலூரும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் கடலடியில் கிடந்தன. காரை, குன்னம் பக்கம் மழை பெய்த மறுநாள் ஓடையில் இறங்கினால் நத்தை, சிப்பி, அம்மோனைட் என்று கல்லாகிப்போன கடல் உயிர்கள் கைக்கு அகப்படும். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் கிடக்கிறது. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்ன மரம். வாரணவாசியில் இவற்றுக்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. அந்தக் கடலின் சிறு உயிர்கள் தண்ணீரில் கரைந்திருந்த கார்பனை எடுத்து ஓடாகக் கட்டிக்கொண்டு, செத்து, அடியில் படிந்து, சுண்ணாம்புக்கல்லாக இறுகின. இயற்கை பூட்டி வைத்த கார்பன் கிடங்கு அது. சுரங்கத்து வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பூட்டைத்தான் உடைக்கிறார்கள். உலகம் வெளியிடும் மொத்தக் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு ஏழு, எட்டு சதவீதம். உலகக் கப்பல்கள் அனைத்தும் சேர்ந்து விடுவது, சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நான்காவது ஆய்வின்படி 2018-ல் 2.89 சதவீதம்தான்.

வீடு வேண்டாமா, பாலம் வேண்டாமா, சிமெண்ட் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு எதிராக நான் எதுவும் சொல்ல வரவில்லை. இந்த ஆலைகளில் வேலை பார்க்கிற குடும்பங்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசே 1979 முதல் அரியலூரில் சிமெண்ட் ஆலை நடத்துகிறது, ‘வலிமை’ என்ற பெயரில் விற்கிறது. சிமெண்ட் வேண்டும். சரியான கணக்கும் வேண்டும்.

நம் ஆலைகளின் கணக்கும் அதே டன்னில்தான் எழுதப்படுகிறது. 2023-ல் இந்தியா கார்பன் வரவுச் சந்தைத் திட்டத்தை அறிவித்தது. அதன் கீழ் 2025 அக்டோபரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் உமிழ்வுச் செறிவு இலக்கு விதிகளை அரசிதழில் வெளியிட்டது. சிமெண்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய நான்கு துறைகளின் ஆலைகள். அவற்றில் பெரும்பாலானவை சிமெண்ட் ஆலைகள். 2023-24-ஐ அடிப்படையாக வைத்து, 2025-26-க்கும் 2026-27-க்கும் ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனி இலக்கு. இலக்கைத் தாண்டிக் குறைத்தால் கார்பன் சான்றிதழ் கிடைக்கும், விற்கலாம். எட்டாவிட்டால் வாங்க வேண்டும். வாங்கவும் இல்லையென்றால் சந்தை விலையின் இரண்டு மடங்கு இழப்பீடு கட்ட வேண்டும். துறைமுகங்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

இலக்கு எப்படி? டன் பொருளுக்கு இத்தனை டன் வாயு. மொத்தத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆலை டன்னுக்கான எண்ணைக் குறைத்து உற்பத்தியை இரட்டிப்பாக்கினால், சான்றிதழும் வரும், மொத்தப் புகையும் கூடும். டன்னுக்கான எண்ணைக் குறைக்க ஆலைகளுக்குக் கைவந்த வழி, அனல்மின் நிலையத்து உலர்சாம்பலைக் கலப்பது. பி.பி.சி. என்று மூட்டையில் அச்சடித்திருக்கும் சிமெண்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம். தரக் குறைவில்லை. கிளிங்கரும் மிச்சமாகும். உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் மிச்சமான கிளிங்கர் சூளையை நிறுத்த உதவுகிறதா, இன்னும் நிறைய மூட்டை கட்ட உதவுகிறதா என்று டன்னுக்கான எண் ஒருபோதும் சொல்லாது.

ஆலை வாசலில் மின்பலகை ஓடுமே, அதில் எல்லாம் தெரிகிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கேயும் உஷார். சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியில் பொருத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரடியாக எண் அனுப்பும் கருவிகள் தூசியையும், கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அளப்பவை. கரியமில வாயுவுக்கு அங்கே வரம்பு எதுவும் இல்லை. பை வடிகட்டி போட்ட பிறகு புகைபோக்கியில் முன்புபோல வெள்ளைத் தூசி பறப்பதில்லை, கருவேலஞ்செடி கூடப் பச்சையாகத் தெரிகிறது. வடிகட்டி தூசியைப் பிடிக்கும். வாயு அதனூடே புகுந்து போய்க்கொண்டே இருக்கும். சுத்தமாகத் தெரிகிற புகைபோக்கிதான் இப்போது நம்மை அதிகம் ஏமாற்றுகிறது.

பங்குச்சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் முதல் இரண்டு வட்டக் கணக்கையும் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. சொல்கிறார்கள். நாலைந்து மாநிலங்களில் உள்ள எல்லா ஆலைகளுக்கும் சேர்த்து ஒற்றை எண்ணாக. அரியலூர் ஆலையின் பங்கு எவ்வளவு என்பது அந்த எண்ணுக்குள் கரைந்துபோகும். மூன்றாம் வட்டத்தைச் சொல்வது அவரவர் விருப்பம்.

கடலின் நடுவே இன்னும் பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்து காரைக்கால் வரும் வழியில் கப்பல் எரிக்கும் எண்ணெய் எந்த நாட்டுக் கணக்கு? எந்த நாட்டுக்கும் இல்லை. ஐ.நா. காலநிலை உடன்படிக்கைக்கு நாடுகள் தரும் கணக்கில் சர்வதேசக் கப்பல் எரிபொருளைத் தனியாக ஓரமாகக் குறித்து வைப்பார்கள், மொத்தத்தில் கூட்ட மாட்டார்கள். அதற்கு விலை வைக்க சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அக்டோபரில் அதை முறையாக ஏற்கக் கூடியபோது ஓராண்டு தள்ளிவைத்துக் கலைந்தார்கள்.

பெரம்பலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாரணமங்கலத்து டயர், எறையூர் சிப்காட்டின் காலணி எல்லாம் கப்பலேறுகிற சரக்குகள். ஐரோப்பிய ஒன்றியம் தன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை 2024 முதல் கார்பன் சந்தைக்குள் கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து அங்கே போகும் பயணத்தின் வாயுவில் பாதிக்குக் கப்பல் நிறுவனம் பணம் கட்ட வேண்டும். முதல் ஆண்டு 40 சதவீதத்துக்கு, அடுத்து 70, 2026 முதல் முழுவதற்கும். கப்பல் நிறுவனம் அதைத் தன் பையிலிருந்தா கட்டும்? சரக்குக் கட்டண ரசீதில் ஒரு தனி வரியாக இறக்கி வைக்கிறது. பெரிய ஆலைக்கு அதைச் சரிபார்க்க ஆள் உண்டு. அவர்களுக்குத் துணை உதிரி செய்து தரும் சிறு பட்டறைக்காரரும், புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் இளைஞரும் ஏஜென்ட் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். எந்தக் கப்பல், எத்தனை டன் எரிபொருள், என் கன்டெய்னரின் பங்கு எப்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கணக்கு இல்லாத கார்பன் கட்டணம் வெறும் கட்டணம்தான்.

இனி, செய்ய வேண்டியவை.

அரசிதழில் வந்த அந்த 2025 விதிகளின் அட்டவணையில் ஆலைகளின் பெயர் வாரியாக அடிப்படை ஆண்டின் உற்பத்தியும், டன்னுக்கான எண்ணும், இலக்கும் இருக்கின்றன. உங்கள் ஊர் ஆலையின் வரியைத் தேடிப் பிடியுங்கள். உற்பத்தியையும் டன்னுக்கான எண்ணையும் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். நிறுவனம் ஆண்டறிக்கையில் கரைத்துவிட்ட எண்ணை இப்படி மீட்டுவிடலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் டன்னுக்கான எண் இறங்கும்போது மொத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. மரக்கன்று நடுவதோடு அது நின்றுவிடக் கூடாது. மாவட்டத்துக்குள் ஆண்டுக்கு எத்தனை டன் நிலக்கரி, பெட்கோக் வருகிறது, அதில் ரயிலில் எவ்வளவு, லாரியில் எவ்வளவு என்ற ஒரே ஒரு தகவலை அந்த இயக்கத்திடம் கேட்கலாம். தராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். இந்த ஒரு எண் கிடைத்தால் மேலே நான் போட்ட கணக்கு முழுவதையும் கற்பனை எண் இல்லாமல் நீங்களே போட்டுவிடலாம்.

புதிய சுரங்கமோ, ஆலை விரிவாக்கமோ வந்தால் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுவாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். வழக்கமாக நாம் அங்கே போய் என்ன கேட்கிறோம்? ஊர்க்காரருக்கு வேலை, ஏரி தூர்வாரல், லாரிக்குத் தனிச்சாலை. எல்லாம் நியாயமானவைதான், லாரியில் அடிபட்டுச் செத்தவர்கள் கதை இல்லாத கிராமம் இந்தப் பகுதியில் அரிது. அவற்றோடு மூன்று கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விரிவாக்கத்துக்குப் பின் ஆண்டுக்கு மொத்தம் எத்தனை டன் கரியமில வாயு, அதில் கல்லிலிருந்து வருவது எவ்வளவு, எரிபொருளிலிருந்து வருவது எவ்வளவு? எரிபொருள் எந்தத் துறைமுகத்தில் இறங்கி, எந்த வழியாக, எதில் வரும்? அந்தப் போக்குவரத்தின் வாயு யார் கணக்கில் எழுதப்படும்? பதில் டன்னுக்கு இவ்வளவு என்று தொடங்கினால், மொத்தம் எவ்வளவு என்று மறுபடி கேளுங்கள்.

வாயால் கேட்பதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள், முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் பந்தலை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. ஆட்சியர் தரப்பு கையெழுத்திடுவது அன்றைக்கேதான். வாசிக்கும்போது உங்கள் கேள்வி வரவில்லையென்றால், கையெழுத்து விழுவதற்கு முன் எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள்.